முகமூடிக்குக் கண் வைத்த பாவாடை

விருத்தாசலத்தில் பிறந்து, உலகப் புகழுக்கு ஒரே ஒரு அங்குலம் முன்னால் போய் நின்றுவிட்டவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், பீங்கான் பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் வைக்கும் பாவாடையைத்தான் காட்ட வேண்டியிருக்கும். பாவாடைராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. சாமி பிள்ளையைக் கொடுத்தது. பேரையும் கொடுத்தது. அந்தப் பேரை எங்கே போடுவது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது.

பொம்மைத் தொழிலில் கண் என்பது தனி இலாகா. அச்சில் ஊற்றுகிறவர், சூளையில் சுடுகிறவர், சேலைக்கும் வேட்டிக்கும் நிறம் அடிக்கிறவர் என்று பலர் கை பட்ட பிறகு, கடைசியில்தான் பொம்மை பாவாடையிடம் வரும். அணில்வால் மயிரில் நாலே நாலு இழை கட்டிய பிரஷ்ஷை எடுப்பார். மூச்சைப் பிடித்து ஒரு கண், மூச்சை விட்டு மறுபடி பிடித்து இன்னொரு கண். இருபத்திரண்டு வருடம் இப்படி மூச்சைப் பிடித்தும் யோகிகளுக்குக் கிடைக்கிற பலன் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. கழுத்து வலி கிடைத்தது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கண் வைக்காத பொம்மையை அலமாரியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் மறுநாள் சூளையில் சரக்கெல்லாம் வெடித்துவிடும். கண் வைத்துவிட்டுப் போன நாட்களிலும் சரக்கு வெடித்ததுண்டு. அதற்குக் காரணம் வேறு என்று அவர் சொல்லிவிடுவார்.

அவருடைய மனக்குறையைத் தெரிந்துகொள்ள வேப்பூர் வரை போய்வர வேண்டும். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் மனைவி ஆண்டாளின் தம்பி கோவிந்தராசு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் கைகூப்பி நிற்கும் பீங்கான் பெண் ஒருத்தி. பாவாடை கண் வைத்தவள்தான். தான் வைத்த கண்ணைப் பெற்ற தகப்பன் மாதிரி அடையாளம் சொல்லிவிடுவார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா மாமா, சைனா பொம்ம. கண்ணப் பாருங்க, அப்பிடியே பேசுது. நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கை வருமா?"

"மச்சான், அது நான் வெச்ச கண்ணு."

"சாப்புடுங்க மாமா, மொதல்ல சாப்புடுங்க" என்றார் கோவிந்தராசு, வெயிலில் வந்தவரிடம் பேசுகிற அனுதாபத்தோடு.

பொம்மையைத் திருப்பிக் காட்டலாமென்றால் அடியில் ஒன்றும் எழுதியிருக்காது. கண் வைக்கிறவன் பேரைப் பொம்மையில் போடுகிற வழக்கம் எந்தப் பட்டறையிலும் கிடையாது. அன்றிலிருந்து பாவாடைக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம். தான் கண் வைத்த பொம்மை, தன் பேரோடு, மச்சான் கல்லாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

2006ஆம் வருடம் அதற்கும் வழி பிறந்தது. துபாயில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், பட்டறை முதலாளி நல்லமுத்துவுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தார். பெட்டியும் வந்தது. உள்ளே ஈயக் கலவையில் வார்த்த பன்னிரண்டு உருவங்கள். ஒவ்வொன்றும் ஒரு அங்குல உயரம். ஏதோ படக்கதைப் புத்தகத்து வீரர்களாம்.

"இத வெச்சிக்கிட்டு இன்னா மொதலாளி பண்ணுவாங்க?"

"தாயம் ஆடுவாங்க. மேசையில மலை, ஊரு எல்லாம் செஞ்சி, இதுங்கள காயா வெச்சி சண்ட வுடுவாங்க."

"சின்னப் புள்ளைங்களா?"

"நாப்பது வயசு ஆம்பளைங்கய்யா. வெள்ளக்காரனுக்கு வேல சீக்கிரம் முடிஞ்சிடுது போல" என்ற நல்லமுத்து குரலைத் தாழ்த்தினார். "கேளு பாவாடை. மாதிரி பன்னெண்டும் சரியா இருந்தா, ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு அட்ட வெப்பானாம். பெயின்ட் பண்ணவன் பேரு, ஊரு போட்டு."

பாவாடை அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

நிறம் என்ன என்று காட்ட மெயிலில் படங்கள் வந்திருந்தன. பாலக்கரையில் ஃப்ளோராவின் பிரவுசிங் சென்டரில் அவை அச்சாகி வந்தன. அந்தப் பிரின்டரில் மை போடுவது என்பது ஊர்த் திருவிழா மாதிரி, வருடத்துக்கு ஒருமுறை. படத்தில் ஐந்து பேர் முகமூடிக்காரர்கள். அவர்கள் கண் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. மை தீர்ந்துவிட்டது என்று பாவாடை முடிவு செய்தார். இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவர் வேறு எப்படி முடிவு செய்வார்?

ஒன்பது நாள் உழைத்தார். கடுகில் பாதி இருக்கும் முகத்தில், நாலு இழையில் மூன்றைப் பிடுங்கிவிட்டு, ஒற்றை மயிரால் கண் வைத்தார். முகமூடிக்காரர்கள் ஐவருக்கும் கருமணி வைத்து, அதில் ஒளிப்புள்ளியும் வைத்தார். இருப்பவர்களிலேயே அழகான வீரனுக்கு ஊர்க்கண் பட்டுவிடக் கூடாது என்று கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தார். பெட்டி கடல் தாண்டிப் போனது.

மூன்று வாரம் கழித்து, திருத்துவதற்காகப் பெட்டி திரும்பி வந்தது; மெயிலில் பதிலும் வந்தது. ஃப்ளோரா படித்துத் தமிழில் சொன்னார். வேலை நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஏழாவது வீரர் கன்னத்தில் ஏன் மச்சம் என்று கேட்டிருக்கிறார்கள்.

"திருஷ்டிக்கு வெச்சேன்னு எழுதும்மா."

"அண்ணே, அவங்க மேசையில வெச்சி வெட்டிக்கப் போறாங்க. அதுக்கு எதுக்கு திருஷ்டி?"

"அப்பதானம்மா வேணும்!"

ஃப்ளோரா அதை எழுதவில்லை. மச்சம் எடுக்கப்படும் என்று எழுதினார். வந்த மெயிலில் கீழே இன்னொரு வரி இருந்தது. அதையும் படித்துச் சொன்னார்.

"முகமூடி போட்ட அஞ்சு பேருக்கும் கண்ணு வேணாமாம் அண்ணே. வெறும் வெள்ளையா வுடச் சொல்றாங்க. கதையில அப்பிடித்தானாம்."

"கண்ணு இல்லாம எப்பிடிம்மா சண்ட போடுவான்?"

"அது தெரியல. ஆனா அவன்தான் ஜெயிப்பான் போல."

பாவாடை பட்டறைக்கு வந்து நல்லமுத்துவிடம் தன் நிலைப்பாட்டை அறிவித்தார். ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசுக்கு அறிவிப்பது போலத்தான் இருந்தது. "எம்மாம் பெரிய கம்பேனியா இருந்தாலும் சரி மொதலாளி. கண்ணு இல்லாத பொம்ம என் கையிலேருந்து போவாது."

"அப்ப அட்டையில ஒன் பேரும் போவாது. பேரு வேணுமா, கண்ணு வேணுமா? சொல்லிட்டுப் போ."

மூன்று நாள் பாவாடை சாப்பிடும்போதும் தட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பேனிக்காரன் மேல கோவம்னா அவனப் போயி மொறைங்க. என் கொழம்பு இன்னா பண்ணிச்சி?" என்றார் ஆண்டாள்.

"அவன் எங்க இருக்கான்னே தெரியலையேடி."

நாலாம் நாள் ஒரு யுக்தி தோன்றியது. பழைய கண்ணைச் சுரண்டவில்லை. ஐந்து பேருக்கும் கருமணிக்கு மேலேயே வெள்ளையை மெல்லிசாகத் தடவினார். கண் உள்ளே இருக்கிறது. கம்பெனி கேட்ட வெள்ளை வெளியே இருக்கிறது. அதாவது வீரர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சட்டமும் மீறப்படவில்லை, சூளைக்கும் ஆபத்தில்லை. இத்தனை நுட்பமான சமரசத்தைக் கோர்ட்டில்கூடப் பார்க்க முடியாது.

பெட்டி மறுபடி போய்ச் சேர்ந்ததும் வந்த மெயிலைப் படித்துவிட்டு ஃப்ளோரா கையைத் தட்டினார். "ரொம்பப் பிரமாதம்னு போட்டிருக்காங்க அண்ணே. முக்கியமா அந்த அஞ்சு பேரு கண்ணும்!"

வைத்த கண்ணைக் குற்றம் சொன்னவர்கள், மறைத்த கண்ணைப் பாராட்டுகிறார்கள். பாவாடை சந்தோஷப்படலாமா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

இரண்டு மாதத்தில் கம்பெனி, அவர் வேலை செய்த அதே பன்னிரண்டு வீரர்களையும் ஒரு பெட்டியில் போட்டு மரியாதைக்கு அனுப்பியது. வழவழப்பான அட்டையில், இங்கிலீஷில், பாவாடை, விருத்தாசலம் என்று இருந்தது. தெரிந்த எழுத்துகள் ஒன்றிரண்டுதான் என்றாலும் பாவாடை அதைப் பதினைந்து தடவை படித்தார். ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேப்பூர் பஸ் ஏறினார்.

கோவிந்தராசு அட்டையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"பேரு போட்டா ஆயிடுச்சா மாமா? கோயில் டியூப்லைட்டுலகூடத்தான் 'உபயம் கோவிந்தராசு'ன்னு இருக்குது. நானா டியூப்லைட்டு பண்ணேன்?"

"பொம்மையப் பாரு மச்சான். பாத்துட்டுப் பேசு."

மச்சான் பன்னிரண்டு பேரில் ஒரு முகமூடிக்காரரை எடுத்தார். விதி அப்படித்தான் கையை நீட்டும். வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எல்லாம் அருமையா இருக்குது மாமா. கண்ணு வைக்க மறந்துட்டீங்களே!"

பாவாடை ஒற்றை விரலால் அந்த முகமூடியைத் தொட்டுக் காட்டினார்.

"மறக்கல மச்சான். கண்ணு உள்ள இருக்குது."

"உள்ள இருந்து இன்னா பண்றது? சோத்தப் பானையிலயே வெச்சிட்டு, எலையில இருக்குதுன்னு கஸ்டமர்கிட்ட சொல்ல முடியுமா?"

"வூட்டுல கண்மை இருக்குதா?" என்றார் பாவாடை.

கண்மை வந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, பல்லால் கடித்து முனையைக் கூராக்கினார். கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். மூச்சைப் பிடித்து ஒன்று. மூச்சை விட்டு, பிடித்து, இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் எச்சில் கையோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முகமூடிக்காரர் விழித்துக்கொண்டிருந்தார். ஈர்க்குச்சியில் வைத்த கண் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பாவாடை பொம்மையை மச்சான் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஐந்தாறு வருடமாகக் காத்திருந்த ஒரு வார்த்தைக்காகக் காதைக் கொடுத்து நின்றார்.

கோவிந்தராசு அதை அலமாரிக்கு எடுத்துப் போய், கைகூப்பி நிற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு ஜோடிக் கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பதான் மாமா உசுரு வந்துது! அப்பிடியே சைனா பொம்ம மாதிரியே பண்ணிட்டீங்க!"

பாவாடை பாக்கிப் பதினோரு பேரையும் பெட்டியில் அடுக்கினார். அட்டையை மேலே வைத்து மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, விருத்தாசலத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று லாரி டிரைவரிடம் கேட்டார்.