மைக்கைத் தொடாத இருளப்பன்

மகள் கல்யாணத்துக்குக் குருண் ஊரில் மண்டபம் எடுத்த அன்றுதான் உமாராணி அந்தப் பெயரை முதலில் கேட்டாள். "எது ரோசாக் ஆனாலும், கெட்டுப் போனாலும், இருளப்பனைக் கூப்பிடுங்க" என்றார்கள் மண்டபத்தில். அங்கே பழுது பார்க்கும் ஆள். விசாரித்தால், மெர்போக் ஊர்ச் சின்னம்மாவின் கொழுந்தன் மகன்!

தண்ணீர் பம்பை அவர் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்பே பிரித்துப் பார்த்துவிடுவார். மின்விசிறி முனகினால் எண்ணெய் விடுவார். மைக்கை மட்டும் தொடவே மாட்டார்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு அண்ணே?" என்றாள் உமாராணி.

"பம்பு நின்னா பந்தி கெட்டுடும். மைக் நின்னா தலைவரு பேச்சுதானே நிக்கும்? நிக்கட்டும் லா."

கல்யாணத்தன்று மண்டபத் தலைவர் காளிதாசன் வாழ்த்த வந்து, தம் தாத்தா கப்பலேறிய கதையை ஆரம்பித்தார். கப்பல் பினாங்கைத் தொடுமுன் மைக் அடங்கிவிட்டது. கூட்டம் கைதட்டிக்கொண்டே பந்திக்கு எழுந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போதும் தலைவருக்கு ஆத்திரம் தீரவில்லை. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே!" என்று இருளப்பனிடம் கத்தினார்.

உமாராணிக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த வாரம் உங்க பேத்தி கல்யாணமாச்சே தலைவரே, பம்பை யாரு பார்ப்பா? நீங்களா?"

தலைவர் குழாயை மூடாமலே யோசித்தார்.

இருளப்பன் இப்போதும் அதே மண்டபத்தில்தான் வேலை பார்க்கிறார். மைக்குக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள்.