குறைமாசம்னு யார் சொன்னா?

அதான் கேக்கீங்களே, ஆட்டுக்குட்டி விழுந்ததும் எந்திரிச்சு நிக்கி, நாய்க்குட்டி மட்டும் கண்ணைக்கூடத் தொறக்க மாட்டேங்குது, உள்ள நுரையீரலும் அப்படித்தான் வேற வேறயான்னு. வேறதான். சொல்லுதேன். மாட்டாஸ்பத்திரி உத்தியோகத்துல வைத்தியம் பாதிதான், ‘இது தேறாது’ங்கிற வாய்களோட மல்லுக்கு நிக்கது மீதி. தொழுவத்து ஈரத்துல கை வச்ச நம்ம ஆளுகளுக்கு இதை நான் சொல்லணுமா? தொண்ணூறுகள்ல கோவில்பட்டிப் பக்கத்துல உதவியாளரா இருந்தேன். பகல்ல சாணி, பொழுது சாஞ்சா பரீட்சைக்குப் பத்தாங்கிளாஸ் பாடம் படிப்பேன். நுரையீரல் பாடம் மட்டும் எங்க டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது.

சுளகுல கிடந்த முயல்

தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒருத்தர் ஆசைக்கு முயல் வாங்கி விட்டாரு. ஒருநாள் ஆள் அனுப்பினாரு. போனா, அரிசி புடைக்கிற சுளகுல செக்கச் செவேல்னு குட்டிக நெளியுது. பக்கத்துல குழி தோண்டி ரெடி. “எல்லாம் குறைமாசத்துல விழுந்துட்டு. மயிரும் இல்லை, கண்ணும் இல்லை, கஷ்டப்பட விடக்கூடாது பாரும்”ங்காரு. அவரு பொறந்ததுல இருந்து பார்த்தது எங்க பக்கத்துக் கன்னி இனத்து ஆடுதான். போட்ட குட்டி அன்னைக்கே தாய் பின்னால நடக்கும்.

நான் குழிக்கு முன்னால போய் நின்னுக்கிட்டேன். “அண்ணாச்சி, முயலுக்கு இதுதான் நிறைமாசம். ஆடு மந்தையோட நடக்கணும், அதனால நுரையீரல்ல காத்து தங்குற சின்னச் சின்ன அறையெல்லாம் வயித்துக்குள்ளயே கட்டி முடிச்சுட்டு வரும். முயலு, நாயி, எலியெல்லாம் நிறைய வேலையப் பாக்கி வச்சுட்டு வந்து, கூட்டுல படுத்துக்கிட்டே கட்டும்”னேன். அண்ணாச்சி ஒரு குட்டிய வெளிச்சத்துல பிடிச்சு அங்கயும் இங்கயும் திருப்பிப் பார்த்தாரு. “ஏலே, வீடு கட்டி முடிக்கும் முன்னாலயே பால் காய்ச்சிட்டியளா?”

கம்பவுண்டரின் கவலை

இதை ஆஸ்பத்திரில சொன்னதுக்கு டாக்டரம்மா, “இதுக்கே அசந்தா எப்படி? கங்காரு மொச்சைக்கொட்டை அளவுக்குத்தான் குட்டி போடும். அதுக்கு நுரையீரல்னு பேருக்கு நாலு பைதான். அந்த இனத்துல சிலதுக தோல் வழியாவே மூச்சு வாங்கும். மிச்சத்தைத் தாயோட பைக்குள்ள இருந்து கட்டும்”னாவ. மனுசக் குழந்தையும் நடுவுல உள்ள ஜாதிதானாம், காத்தறையில பெரும்பாலும் பொறந்த பிறகுதான் கட்டுதாம்.

கம்பவுண்டர் ஊசியை வேகவைச்சுக்கிட்டு இருந்தவரு திரும்பிப் பார்த்தாரு. “அப்ப நானும் அரைகுறையா வந்தவன்தானா? மேலதிகாரிகிட்ட சொல்லிராதீய, ஏற்கெனவே அவரு அப்படித்தான் நெனைக்காரு.”

வண்டியைத் திருப்புங்க

சிரிச்சாச்சு. ஆனா ஆட்டுக்கு இது சிரிப்பில்லை. முயல் பாக்கி வேலையோட வரலாம், ஆட்டுக்குட்டி வரக்கூடாது. புதூர்ப் பக்கம் பேச்சியம்மாளோட ஆடு நிறைசினையில, ஈன இன்னும் நாள் கிடக்கும்போதே படுத்துட்டு. தீவனம் தொடலை. வயித்துல ரெண்டு குட்டி, தாயை உறிஞ்சுதுக. புருசன் வெளியூர்ல செங்கச்சூளையில இருக்கான். இந்த ஆடு போச்சுன்னா அவளும் ஊரை விட்டுச் சூளைக்குப் போகணும். இருக்கிறது அந்த ஒரு ஆடுதான். தரகர் வண்டியோட வந்து நின்னுட்டாரு, மூச்சு இருக்கும்போதே கறிக்குக் குடுத்துருன்னு.

டாக்டரம்மா ஒளிக்காமச் சொன்னாவ: “ஊசி போட்டா குட்டி முந்தி வந்துரும், தாய் பிழைக்கலாம். அந்த மருந்தே குட்டி நுரையீரலையும் அவசரமாப் பழுக்க வைக்கும். உறுதி சொல்ல மாட்டேன்.” பேச்சியம்மா முந்தானையை இடுப்புல சொருகிட்டு ஆட்டுக்கும் தரகருக்கும் நடுவுல உக்காந்தா. “ஊசியப் போடுங்கம்மா. அண்ணாச்சி, நீரு வண்டியைத் திருப்பும். ஆடு சாயட்டும், நான் சாயுதேன், உமக்கென்ன வந்துச்சு?”

விலா எலும்பு

ரெண்டாம் நாள் விடியக்காலம் குட்டிக வந்துச்சு. முதல் குட்டிக்கு மூச்சே வரலை. என்னென்னமோ பண்ணினோம், வரலை. ரெண்டாவது வாயைத் தொறக்குது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ள போயி ஒட்டுது. நனைஞ்ச பிளாஸ்டிக் பையை ஊதிப் பாத்திருக்கீங்களா, ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டுப் பிரியாது, அதான் சங்கதி. ஒட்டவிடாம ஒரு வழவழப்பு உள்ள ஊறணும், கடைசி நாள்கள்லதான் ஊறும். அக்கம்பக்கத்து ஆள் வழக்கப்படி குட்டியப் பின்னங்காலைப் பிடிச்சுச் சுத்த வந்தாரு. “கை வச்சா பாரும்!”னு நான் மறிச்சுட்டேன். வாயை வழிச்சு, மில்லுக் கழிவுப் பஞ்சால தேச்சு, நெஞ்சு கீழ இருக்கும்படி படுக்க வச்சோம். பேச்சியம்மா கையை எடுக்கவே இல்லை. வெயில் ஏற ஏற விலா உள்ள போறது குறைஞ்சுது. தாயும் தலையைத் தூக்கி நக்குச்சு.

கொஞ்ச நாள் கழிச்சுத் தரகர் திரும்ப வந்தாரு, “ஆடு போயிட்டா?”ன்னு கேட்டுக்கிட்டே. நானும் அங்கனதான் இருந்தேன், தாய்க்கு ஊசி போட. குட்டி அவரைப் பாத்துக் கத்தின கத்து தெருமுனைக்குக் கேட்டிருக்கும். பேச்சியம்மா அதைத் தூக்கி அவரு மூஞ்சிக்கு நேரா காட்டினா. “கேக்குதா அண்ணாச்சி? இப்படிக் கத்த நுரையீரல் வேணும். விலை கேக்க உமக்கு வாய் மட்டும் போதும்.”

இந்தா, வாசல்ல கயத்தாறுல இருந்து ஆட்டோ வந்து நிக்கி. “அண்ணாச்சி, ஆடு முனங்குது, சீக்கிரம் ஏறுங்க”ன்னு கூப்பிடுதாவ. வாரேன்பா, வாரேன். ஒவ்வொரு உயிரும் அதது நேரத்துக்கு நுரையீரலைக் கட்டி முடிச்சிக்கிடுது, தீர்ப்பு சொல்லுற மனுசன் மட்டுந்தான் எப்பவும் முந்திப் பொறந்துருதான்.