டெல்லி வீட்டில் ஏலக்காய் வாசம்

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் எங்கள் தெருவை 'டெல்லி வீடு' என்றுதான் சொல்வார்கள். வாய்க்கால் ஓரம் குடிசை போட்டிருந்த எங்களுக்கு மத்திய சர்க்கார் மானியத்தில் கட்டிக் கொடுத்த வீடுகள். ஓர் அறை, ஓர் அடுப்படி, மேலே கான்கிரீட். தெருக்கோடியில் சமுதாயக் கூடம் ஒன்றும் உண்டு. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? டெல்லியிலிருந்து பணம் போடி வந்து சேருவதற்குள் எத்தனை பேர் நக்கினார்களோ, கூடத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. ஆடுகள்தான் அதில் சமுதாயமாகக் கூடின.

வீட்டோடு ஒரு நிபந்தனையும் கொடுத்தார்கள். வீட்டில் குடியிருக்க மட்டும்தான் செய்யலாம், தொழில் எதுவும் நடத்தக் கூடாது. நடத்தினால் வீட்டைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதை எழுதிய மகராசன் போடிப் பக்கமே வந்திருக்க மாட்டான். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயைக் கமிஷன் கடைக்காரர்கள் நிறுத்து, மூட்டையாக வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பெண்கள் முறத்தில் கொட்டிப் பருத்த காய், சிறுத்த காய், வெடித்த காய் என்று பிரித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் புருஷன் மலைக்கு லோடு ஜீப்பு ஓட்டினார். அது ஓடிய நாளைவிடப் படுத்த நாள் அதிகம். எங்கள் வீட்டு உலை ஏலக்காயால்தான் கொதித்தது.

ஒருநாள் காலையில், வீடுகளைப் பார்வையிட ஆபீசர் வருகிறார் என்று சேதி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தெருவையே கிளப்பிவிட்டாள்.

"ஏத்தா, வெரசா மூட்டைய மறைங்க. வீடு போச்சுன்னா மறுபடி வாய்க்காத் தண்ணியிலதான் படுக்கணும்."

எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. குடிசையில் இருந்தபோது ஒரு மழைக்கு வாய்க்கால் பெருகி, கைப்பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு விடிய விடிய நின்றவள் நான். மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிப் பழஞ்சேலையால் மூடினேன். முறம் கான்கிரீட் கூரை மேலே போனது. தரையைக் கூட்டி வாசலில் கோலமும் போட்டேன். தெருவில் ஒரு காய் கண்ணில் படாது.

ஆபீசர் ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தார்.

"என்னம்மா, தெருவே ஏலக்காயா மணக்குது?"

சத்தியமாக எங்களுக்கு அந்த வாசம் தெரியாது. அதிலேயே கிடக்கிற மூக்குக்கு எப்படித் தெரியும்? மூட்டையை மறைக்கச் சொன்ன அக்காவுக்கும் வாசத்தை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆனால் அவள் அசரவில்லை. என்னைக் கைகாட்டினாள்.

"இவ வீட்ல பாயசங்கய்யா. பிள்ளைக்குப் பெறந்தநாளு."

என் பிள்ளை பிறந்த மாதமே அது இல்லை. "அப்ப எனக்கும் ஒரு டம்ளர் குடும்மா" என்றார் ஆபீசர்.

"இன்னும் வேகலைங்கய்யா" என்றேன்.

"மத்த வீட்டைப் பார்த்துட்டு வர்றேன்."

அக்காவைப் பார்வையாலேயே எரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அவளே சேமியாவும் சர்க்கரையும் எங்கிருந்தோ வாங்கிக் கொண்டாந்து போட்டாள். பாயசம் கொதித்து இறங்கும்போது ஆபீசர் வந்துவிட்டார். நேராகக் கட்டிலில் உட்கார்ந்தார், மூட்டைக்கு நேர் மேலே. ஒரு மடக்குக் குடித்தார். யோசித்தார். இன்னொரு மடக்கு.

"ஏலக்காயே போடலையேம்மா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை கிடக்க, என் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. நிறுத்துக் கொடுத்த காய் அது. எங்கள் தெருவில் யார் வீட்டுப் பாயசத்திலும் ஏலக்காய் கிடையாது.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கோபம்தான் வந்தது.

"காயி ஒங்க காலுக்குப் பின்னாலதான் கெடக்குங்கய்யா. கடைக்காரரு காயி. குடியிருக்க வீடு குடுத்தீக, சரி. அதுல இருந்துக்கிட்டுக் கஞ்சி குடிக்க வேணாமா? அதுக்கு டெல்லியில என்ன எழுதியிருக்கு?"

வாசலில் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். வீடு போயிற்று என்றே நினைத்தேன்.

ஆபீசர் குனிந்து சேலையை விலக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு கெடக்கு. ரெண்டு காய் தட்டிப் போடக் கூடாதா?"

"அடுத்தவுக காய எப்பிடிங்கய்யா எடுக்குறது?"

அவர் டம்ளரை முழுக்கக் குடித்து வைத்துவிட்டு, கூட வந்த கிளார்க்கிடம், "குடியிருக்காங்கன்னு எழுதுப்பா. எனக்கு ரெண்டு நாளாச் சளி, மூக்கு அடைச்சிருக்கு" என்றார்.

ஜீப்பு தெருமுனை தாண்டியதும் அக்காவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு அவளை வாயாரத் திட்டினேன்.

மறுநாள் மூட்டையைப் பிரித்து முடித்துக் கடையில் கொடுத்தேன். எடை சரியாக இருந்தது. கடைக் கணக்குப்பிள்ளை வழக்கம்போல, காய் எதுவும் முடிந்து வைத்திருக்கிறேனா என்று பார்க்க, முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். வருஷக்கணக்காக உதறியவள்தான், அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு கூசியது. உதறிக் காட்டிவிட்டு, அடுத்த மூட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.