ஊசி அண்ணியின் ஒன்பது நாட்கள்

என் அண்ணிக்குத் தெருவில் 'ஊசி அக்கா' என்று பெயர். பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். ஊசியைக் கண்டாலே கண் சொருகுகிற மீசைக்காரர்களைக்கூடப் பேச்சுக் கொடுத்தபடியே குத்தி முடித்துவிடுவாள். பிறகு குழாயில் பெயர், தேதி, நேரம் எழுதுவாள். ஒன்பது பதினாலு என்றால் ஒன்பது பதினாலுதான், ஒன்பதேகால் என்று எழுதமாட்டாள். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த வண்டி என் பேனாவில் சரியான நேரத்துக்கு வந்துவிடும். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம் என்று அண்ணன் சிரிப்பான்.

ஊரையெல்லாம் பயப்படாதீங்க என்று தேற்றுகிறவளுக்கு, வீட்டு வாசல் மணி அடித்தால் கை நடுங்கும். அண்ணனும் அண்ணியும் காப்பகத்துக் குழந்தைகளை வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள். அப்போதிருந்த விதிப்படி வளர்க்கிறவர்கள் வளர்க்கலாம், தத்தெடுக்க முடியாது. தத்துக்குத் தனி வரிசை உண்டு. முதலில் வந்த கைக்குழந்தையைப் பதினாலு மாதம் வளர்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. வரிசையில் முதலில் நின்ற யாரோ ஒரு தம்பதிக்கு அவனைக் கொடுத்துவிட்டார்கள். படியிறங்கும்வரை அவன் அண்ணியைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனான். மறுநாள் வேலைக்குப் போனவளுக்கு ஒரு கிழவர் கையில் நரம்பே அகப்படவில்லை. மூன்று முறை குத்திவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டாளாம்.

அடுத்து வந்தது பொடிசு. வந்தபோது மூன்றரை வயது. வாயைத் திறக்காது. ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். இப்போது ஆறு வயது, வாய் மூடினால் அதிசயம். என்னை அத்தை அத்தை என்று சுற்றும். எனக்கென்று குடும்பமில்லை. அதன் கையில் என் டிப்போ விசிலைக் கொடுத்துவிட்டு, காது கிழிய அது ஊதுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாதாமாதம் வந்து பார்க்கிற குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண் ஒருநாள் சிரித்தபடி வந்தாள்.

"அக்கா, விதியை மாத்திட்டாங்க. ரெண்டு வருஷம் இடைவெளி இல்லாம ஒரே குடும்பத்துல வளர்ந்த குழந்தையை இனிமே அந்தக் குடும்பத்துக்கே தத்து குடுக்கலாம். மனு போடுங்க. குழந்தையைப் பத்தி நீங்க தினம் எழுதற டைரியையும் எடுத்துட்டு வரணும்."

அண்ணன் குதித்தான். அண்ணி முகம் வெளுத்துவிட்டது. 'இடைவெளி இல்லாம' என்ற சொல்தான் காரணம். போன வருடம் அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். அண்ணன் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தான். பொடிசு என் வீட்டில் ஒன்பது நாள் இருந்தது. வேறு யாராவது இதையெல்லாம் எழுதிவைப்பார்களா? இவள் எழுதிவைத்தாள், கொண்டுவிட்ட நேரம், திரும்ப அழைத்துப்போன நேரம் உட்பட. அலுவலகத்துப் பெண்ணோ டைரியை மேலாகப் புரட்டிக் கையெழுத்துப் போடுகிறவள்.

"அவங்ககிட்டயே கேட்டுடுங்களேன் அண்ணி."

"கேட்டா அந்தப் பக்கத்தைப் போய்ப் பாப்பாங்களே! வேண்டாம்மா."

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் கார் நின்றால் பொடிசை உள் அறைக்குக் கூட்டிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணி பொடிசுக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அலமாரியிலிருந்து டைரியை எடுத்து அந்தத் தாளை பிளேடால் அறுத்தேன். அண்ணியிடம் மூச்சு விடவில்லை. அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தாளை எறியவும் பயம், கைப்பையில் மடித்து வைத்தேன்.

மனுவை விசாரிக்கிற அறையில் நீள மேஜை. எங்கள் மூவருக்கும் எதிரே நடுவில் குழுவின் தலைவி, அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். பொடிசு வெளி அறையில் ஆயாவோடு இருந்தது. தலைவி டைரியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"நாப்பத்திரண்டுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சு வருதே?"

தாளின் மூலையில் அச்சிட்ட எண். டிப்போவில் எண் போட்ட டிரிப் சீட்டோடு பொழுதெல்லாம் மல்லுக்கட்டுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

அண்ணி டைரியை வாங்கிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுங்க மேடம். இதுல எழுதினது நினைவிருக்கு. எனக்கு ஆபரேஷன். குழந்தை ஒன்பது நாள் என் நாத்தனார் வீட்டுல இருந்தா."

"அது தப்பே இல்லையேம்மா. சொந்தக்காரங்க வீட்டுல முப்பது நாள்வரைக்கும் இருக்கலாம், அது இடைவெளியில சேராது. பக்கத்தை ஏன் கிழிச்சீங்க? அதுல வேற என்ன இருந்துச்சு?"

"நான் கிழிக்கலைங்க."

"பின்னே தானா கிழிஞ்சுதா? விசாரிச்சு முடியறவரைக்கும் குழந்தை காப்பகத்துல இருக்கட்டும்."

அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. தத்தும் போய், பழியும் வந்து, அண்ணன் என் முகத்தில் விழிக்கமாட்டான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கதவைத் திறந்து ஆயாவைக் கூப்பிட்டார். பொடிசின் சிரிப்பு உள்ளே கேட்டது. அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போனாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"நான்தாங்க கிழிச்சேன். அவங்களுக்குத் தெரியாது." தாளை எடுத்து நீட்டினேன். கை தவறி அது மேஜைக்குக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

தலைவி இரண்டு பக்கத்தையும் படித்தார். என்னைத் திட்டவில்லை. பொடிசை அன்றே எங்களோடு அனுப்பிவைத்தார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. பொடிசு அண்ணன் அண்ணியின் மகள். அடியில் ஒரு நிபந்தனை: ஒரு வருடத்துக்குக் குழந்தையை நாத்தனாரின் பொறுப்பில் தனியே விடக்கூடாது.

"காகிதத்துல இருக்கறதுதானே, யாரு வந்து பாக்கப்போறா?" என்றான் அண்ணன். அண்ணி உத்தரவை மடித்து அலமாரியில் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். பால் தீர்ந்துவிட்டது என்று அண்ணி பையை எடுத்தாள். கடை நாலு வீடு தள்ளித்தான். பொடிசு என் மடியில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தது.

"நான் வரலைம்மா. அத்தைகூட இருக்கேன்."

அண்ணி வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றாள். என்னைப் பார்த்தாள். வாசல் மணிக்கு நடுங்குவாளே, அதே கண்.

"எந்திரி. செருப்பைப் போடு," என்றாள் பொடிசிடம்.