மகஜர் இல்லாத விஷப்புட்டி

பேத்தி கைபேசியில் பழைய ஆங்கிலத் துப்பறியும் கதை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். துப்பறிபவர் யார் வீட்டிலோ நுழைந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். "சாட்சி இல்லாம எதுக்குத் திறக்குறான்?" என்று கேட்டுவிட்டேன். வாய்தான் என்னுடையது, குரல் அப்பாவுடையது.

அப்பா மதுரை கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். ஞாயிறு மதியங்களில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, ஆங்கிலக் கொலைக்கதைகளை அம்மாவுக்குத் தமிழில் சொல்வார். கத்தரிக்காய் வதங்கும் வாசனையோடுதான் லண்டன் பனிமூட்டம் எனக்கு அறிமுகமானது.

ஒரு ஞாயிறு, கதையில் பிரபு ஒருவரை விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். துப்பறிபவர் விஷப்புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பா புத்தகத்தை மூடினார்.

"பொருளக் கைப்பத்துனதுக்கு மகஜர் எழுதல. ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கல. இந்தக் கேசு நிக்காது."

"நிக்காட்டிப் போகுது. கொன்னது யாருங்க?"

"யாரா இருந்தா என்னடி, விடுதலை ஆயிருவான்."

அம்மா எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். "அப்பக் கொழம்பும் கொதிக்காது."

அப்பா சட்டத்தையும் பசியையும் சிறிது நேரம் எடைபோட்டார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "தம்பிக்காரன்" என்றார்.

"நெனச்சேன். அண்ணன் செத்த அன்னைக்கு மூணு முட்டை தின்னான்ல."

"முட்டை தின்னா தண்டனை குடுக்க முடியாது."

"ஒங்க கோர்ட்டுல முடியாது" என்றபடி அம்மா அடுப்பை மூட்டினாள்.

பேத்தி என்னை முறைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதிக் கதை கேட்டவனுக்கு மீதி தெரிந்தாக வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போகிறேன், மகஜரும் சாட்சியும் இல்லாமல், வாய்மொழியாகவே.