டயாலிசிஸ் அறைக்குத் தண்ணீர் வந்த காலை

தண்ணீரைச் சுத்திகரிக்கும் RO பிளான்ட்டின் அலாரம் அடித்தபோது நான்கு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. கீழ்த்தொட்டி காலியாகப் போகிறது என்று அர்த்தம். ஜூன் மாதம். கிழக்கு டெல்லியில் எங்கள் பகுதிக்கு இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. மருத்துவமனைக்கு வரவேண்டிய டேங்கரும் வரவில்லை. நான் டயாலிசிஸ் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என் அம்மா மயூர் விஹார் ஃபிளாட்டுகளில் சமையல் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டெக்னீஷியனுக்கான நீல நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு நடக்கும்போது எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அன்று நான் படித்த எதிலும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுதியிருக்கவில்லை.

ஒருவரின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய நூறு லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும். கேரளத்துக்காரரான இன்சார்ஜ் ஜெசி சிஸ்டர் மெஷின்களை பைபாஸில் போட்டார். ரத்தம் சுற்றும், சுத்தம் ஆகாது.

"மத்த மூணு பேரை நாளைக்கு வரச் சொல்லலாம் மோளே. ரெண்டாவது பெட்டை அனுப்ப முடியாது."

இரண்டாவது பெட்டில் ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன். சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் கல்யாணம் என்று முந்தைய டயாலிசிஸுக்கு வராமல் விட்டிருந்தார். காலை ரிப்போர்ட்டில் பொட்டாசியம் மிக அதிகம். இப்படியே விட்டால் இதயம் நின்றுபோகலாம். வேறு மருத்துவமனைகளுக்கு போன் செய்தோம். எங்கும் மெஷின் காலி இல்லை.

அப்போதுதான் பின்தெரு வீடுகளுக்கு வரும் டேங்கரின் ஹாரன் கேட்டது. ஓடினேன்.

அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. வாளிகளும் கேன்களும்தான் விடியற்காலையிலிருந்து நிற்கும். வரிசையை நடத்துபவர் அந்தத் தெருவில் குடியிருக்கும் காமாட்சி அக்கா. அவர் குழாயை எடுத்துக் கொடுக்காமல் ஒரு குடமும் நிறையாது.

"அக்கா, டேங்கர் முழுசும் வேணும்."

"முழுசுமா? ஏன், உங்க டாக்டர் நீச்சல் அடிக்கப் போறாரா?"

"மெஷின்ல ஆள் இருக்காங்கக்கா. தொட்டி நிறையாம பிளான்ட் ஓடாது. தண்ணி இல்லன்னா ஒருத்தர் பொழைக்க மாட்டார்."

"யாரு? நம்ம தெருவா?"

"பேரு, தெரு எதுவும் சொல்லக் கூடாதுக்கா."

"அச்சா, சரி. சொல்லாத."

பின்னாலிருந்து பிரகாஷ் என்பவர் கத்தினார். "எங்க வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல. ஆஸ்பத்திரின்னா வேற டேங்கர் வாங்கட்டுமே!"

அக்கா திரும்பினார். "உன் பொண்ணு எங்கடா பொறந்தா?"

"இந்த ஆஸ்பத்திரியிலதான். அதுக்கு?"

"பொண்டாட்டியத் தூக்கிட்டு ஓடினியே, பணம் கட்டிட்டு உள்ள வான்னாங்களா? இல்ல, உள்ள கூட்டிட்டுப் போயிட்டு உனக்கு டீ குடுத்தாங்களா?"

பிரகாஷ் தன் வாளியைக் காலால் ஓரம் தள்ளினார். பிறகு டிரைவரைப் பார்த்து, "பையா, காடி உதர் லகாவோ! ஜல்தி!" என்று வண்டியைச் சீக்கிரம் அங்கே நிறுத்தச் சொல்லி எங்கள் கேட்டைக் காட்டினார். டேங்கர் பின்னால் போக வழி இல்லாததால் வாளிகளை அவரவரே நகர்த்தினார்கள். எதிர்வீட்டு ஷர்மா அங்கிள் சீல் உடைக்காத இரண்டு குடிநீர் கேன்களைத் தூக்கிவந்து, மெஷினில் இதை ஊற்று, இதுதான் சுத்தம் என்றார். ரத்தத்துக்கு இந்தச் சுத்தமும் போதாது என்றேன். நம்பாமல் பார்த்தார். கேன்களை மட்டும் வெளியே காத்திருந்த நோயாளிகளின் உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

தொட்டி நிறைந்தாலும் உடனே மெஷினைத் திறக்க முடியாது. கார்பன் ஃபில்டரைத் தாண்டி வரும் தண்ணீரில் ரத்த அணுக்களை உடைக்கும் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சோதனை மருந்து கலந்த டெஸ்ட் டியூபில் இளஞ்சிவப்பு வரும். வந்தால் ஒரு தெருவே விட்டுக்கொடுத்த தண்ணீர் வீண். ஜன்னலுக்கு வெளியே காமாட்சி அக்கா நின்றிருந்தார். டியூபை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.

நிறம் வரவில்லை. இன்னொரு முறை பார்த்தேன். வரவில்லை.

"திற," என்றார் ஜெசி சிஸ்டர்.

மற்ற மூவருக்கும் முடிந்தது. சண்முகம் அண்ணன் முழு நேரமும் முடித்து, எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். நான் பின்தெருவுக்குப் போனேன். வாளிகள் காய்ந்துபோய், பழைய வரிசையிலேயே மறுபடி வைக்கப்பட்டிருந்தன. அடுத்த டேங்கர் மறுநாள்தான்.

"அக்கா, நல்லா இருக்கார்."

"சரி, போய் வேலையப் பாரு. இங்க என்ன வேடிக்கை?"

பெரிய கட்டடங்களையும் பெரிய மெஷின்களையும் பார்த்து வாயைப் பிளந்தவள் நான். அந்தக் காலி வாளிகளைப் பார்த்து நின்றதுபோல் எதன் முன்னும் நின்றதில்லை. எங்களுடையதுபோல் லாபம் பார்க்காத மருத்துவமனையில் சேரும் புதிய டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது, பிளான்ட்டைக் கற்றுக்கொண்ட கையோடு பக்கத்துத் தெருவையும் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான். பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு. இந்த மருத்துவமனை உங்களை நம்பித்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, கைவிட்டுவிடாதீர்கள்.

அன்று அந்தத் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. யாருக்காக என்று அதன்பிறகு இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.