அரை விநாடிக் கூச்சல்

இருபத்து மூன்றாவது முறையாகப் பெட்டியிலிருந்து குதித்தாள். பாதங்கள் பலகையை விட்டதும் வாயைத் திறந்தவள், தரையைத் தொடுவதற்குள் மூடிக்கொண்டாள்.

"ய்யூஹூ!"

தரையில் விரித்திருந்த பழைய கம்பளம் மிச்சச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாத்தா ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"எப்படி?" என்றாள்.

"சத்தம் நல்லா இருக்கு பாப்பா."

"அப்புறம் என்ன?"

"சத்தம் மட்டுந்தான் இருக்கு."

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தாத்தாவுக்கு நாற்பத்தெட்டு. கார்ட்டூன்களில் குழந்தைகளுக்கெல்லாம் குரல் கொடுப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்; முப்பதிலேயே தலை பஞ்சாக நரைத்துப்போன ஒலிப்பதிவாளர் என்பதால் அவருக்கு இந்தப் பெயர். ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள், பாப்பா தாத்தாவை வாடா போடா என்று ஏசுவதைக் கேட்டு முதல் நாள் திகைப்பார்கள். இரண்டாம் நாள் பழகிவிடும்.

பதினொரு வருடங்களாக அவள் ஒரு வீடியோ கேமில் ரெட்டைச்சடைக்காரியாக இருந்துவருகிறாள். எட்டுப் பேர் சின்னச் சின்ன வண்டிகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓட்டும் பந்தயம். ரெட்டைச்சடைக்காரிக்கு வயது ஏழு. அது பதினொரு வருடமாக ஏழு. இந்த முறை வரும் புதிய பதிப்பில் பாதை நெடுக ரேம்ப்கள் வைத்திருக்கிறார்கள். ரேம்ப் என்றால் பாதை நடுவே சாய்ந்து எழும் பலகை, மேலே மஞ்சள் அம்புக்குறிகள். வண்டி அதன் நுனியைத் தாண்டும் கணத்தில் விளையாடுபவர் பட்டனை அழுத்தினால் அது அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். உட்கார்ந்திருப்பவர் கைகால்களை உதறிக் கூச்சலிடுவார். கீழே இறங்கியதும் பின்னால் நெருப்பு சீறி வேகம் கூடும். அந்தரத்தில் இருக்கும் நேரம் அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். கூச்சல் அதற்குள் அடங்க வேண்டும். அந்த மாதிரி பன்னிரண்டு கூச்சல்கள் வேண்டும்.

உட்கார்ந்தபடி கத்தினால் அது தொண்டையிலிருந்து வரும். கால் தரையில் படாமல் இருந்தால்தான் வயிற்றிலிருந்து வரும். இதை அவள் முதல் பதிப்பின்போதே கண்டுபிடித்திருந்தாள். அன்றிலிருந்து ஸ்டூடியோவின் மூலையில் அவளுக்கென்று முழங்கால் உயர மரப்பெட்டி ஒன்று கிடக்கிறது.

சுவரோரத்துத் திரையில் தயாரிப்பாளர் பெண் தெரிந்தாள். வேறொரு ஊரில் வேறொரு அறையில் இருந்தாள். முப்பது வயதிருக்கும்.

"மேம், சூப்பர் மேம். ஆனா மேம், ஒரு சின்ன விஷயம் மேம்."

அவள் எத்தனை மேம் போடுகிறாளோ விஷயம் அத்தனை மோசம் என்று பாப்பாவுக்குத் தெரியும். இப்போது நான்கு.

"சந்தோஷம் வரல மேம். குழந்தைங்க கேட்டா, இவ ஏன் இவ்ளோ கஷ்டப்பட்டு சிரிக்கிறான்னு கேக்கும்."

"இன்னொண்ணு குடுக்கறேன்."

"குடுங்க மேம். ஆனா இன்னிக்கே முடிச்சாகணும். இல்லேன்னா... ஒரு பொண்ணு குரல் சாம்பிள் அனுப்பியிருக்கா. நான் இன்னும் கேக்கல. கேக்கவும் பிடிக்கல மேம்."

"சரிம்மா," என்றாள்.

ஏழு வாரங்களுக்கு முன்னால் அவள் அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலில் போட்டார். இன்னொன்று கையில் இருந்தது. அவள் அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டாள், பதில் வரவில்லை. வழக்கமாகவே இரண்டு தடவை கேட்டால்தான் அவரிடமிருந்து பதில் வரும் என்பதால் இரண்டாவது தடவையும் அங்கிருந்தே கேட்டாள்.

அண்ணன் தங்கை இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, தள்ளிப்போய்க்கொண்டே இருந்து ஒரு கட்டத்தில் கேட்பவர்கள் அலுத்துவிட்டார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருபத்தாறு வருடம் குடியிருந்தார். யாராவது சிரித்தால், "வீட்டுக்கு வந்தும் அந்தச் சனியன் மூஞ்சியிலயே முழிக்கணுமா?" என்பார். ஒருமுறை அவள் ஒத்திகை பார்க்கும்போது, யாரோ வெந்நீரைக் கொட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்தார். அண்ணன் கதவைப் பாதி திறந்து, "ஒண்ணுமில்ல சார். சந்தோஷமா இருக்கறதுதான் என் தங்கச்சிக்கு வேலை," என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் போனதற்கு அவள் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை. வரவில்லை. சித்தி தினமும் போன் செய்தாள்.

"அழுதியாடி?"

"இல்ல சித்தி."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"அது மட்டும் நடக்குது. கல்லு மாதிரி இருக்கியேடி. நெஞ்ச அடைச்சுக்கும், பாத்துக்கோ."

நெஞ்சு அடைக்கவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது.

இருபத்து நான்கு. இருபத்தைந்து. இருபத்தாறாவது குதித்தபோது தயாரிப்பாளர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். தாத்தா எழுந்து, "டீ," என்றார்.

டீயை வைத்துவிட்டு அவர் தன் மேஜையில் கேமைப் போட்டார். கூச்சல் எங்கே விழும் என்று பார்ப்பதற்காக அனுப்பியிருந்த, பாதி முடிந்த கேம். குரல்கள் இன்னும் சேர்க்கப்படவில்லை. ரெட்டைச்சடைக்காரி ரேம்பில் ஏறினாள், சுழன்றாள், கைகளை விரித்தாள், இறங்கினாள். வாய் திறந்து மூடியது.

"பட்டன அழுத்தலேன்னா?" என்றாள் பாப்பா.

"என்னது?"

"ரேம்ப்ல ஏறிட்டு அழுத்தலேன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சும்மா போய் இறங்கும்." கட்டைவிரலைப் பட்டனிலிருந்து தூக்கிக் காட்டியபடி வண்டியை அடுத்த ரேம்பில் விட்டார். வண்டி நுனியைத் தாண்டியது. ரெட்டைச்சடைக்காரி நேராக உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சடைகள் மட்டும் லேசாக எழுந்தன. இறங்கினாள். நெருப்பு இல்லை. போய்க்கொண்டிருந்தாள்.

"அதுக்குக் கூச்சல் உண்டா?"

"இல்ல. அதுக்கு யாரும் எதுவும் கேக்கல."

"இன்னொரு தடவ காட்டு."

காட்டினார். பிறகு அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் ஒரு சுற்று முழுக்க ஓட்டினாள். வழியில் பதினொரு ரேம்ப்கள். ஒன்றிலும் அழுத்தவில்லை. மற்ற ஏழு பேரும் சுழன்று சுழன்று அவளைத் தாண்டிப் போனார்கள்.

"எட்டுப் பேர்ல எட்டாவது," என்றார் தாத்தா. "கின்னஸ்ல போட்டுடலாம்."

"கீழ விழலல்ல?"

"விழல."

டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தாள்.

மறுபடி உள்ளே போனாள். மைக்கின் உயரத்தைத் தாத்தா சரிசெய்தார். தயாரிப்பாளர் பெண், "ரெடியா மேம்?" என்றாள். ஒரே ஒரு மேம். பாப்பா பெட்டிமேல் ஏறி நின்றாள். எதிரே திரையில் வண்டி ரேம்பை நோக்கி வந்தது, மஞ்சள் அம்புகள் அடியில் ஓடின. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நுனிக்கு வந்தபோது, தான் பெட்டிமேல் நிற்பதை மறந்து, அறையை விட்டு வெளியே நடக்கப்போகிறவள் போல ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

அங்கே தரை இல்லை.

அவள் கத்தினாள். பெட்டி பின்னால் சாய்ந்தது. வலது பாதம் மடங்கி அதன்மேல் உடம்பு இறங்கியது.

"இது! இதுதான்!" தயாரிப்பாளர் பெண் கைதட்டினாள். "ஐயோ, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மேம்? எங்க போனீங்க மேம்?"

காமிராவில் இடுப்புக்கு மேல்தான் தெரியும்.

"கீழ இருக்கேம்மா," என்றாள் பாப்பா தரையிலிருந்து.

தாத்தா ஓடிவந்தார். கைகொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார். கணுக்கால் பார்க்கப் பார்க்கப் பருத்தது. ஐஸ் வாங்கி வர ஆள் அனுப்பினார்.

"ஏன் குதிக்கல?"

"தெரியல. மறந்துட்டேன்."

"எத மறந்த?"

ஐஸ் வந்ததும் அதைத் துணியில் சுற்றிக் காலில் கட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே அவர் மேஜைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். திரையில் அவள் கூச்சல் பச்சைக் கோடாகக் கிடந்தது. முதலில் சட்டென்று ஓர் உச்சி. அதன் பிறகு நீளமாக, நடுங்கி நடுங்கி ஒரு வால். தாத்தா உச்சிக்குப் பின்னால் வெட்டினார். வெட்டியதை மட்டும் ஓடவிட்டார்.

ஏழு வயதுப் பெண் சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து கத்தினாள்.

"நானா?"

"நீதான்."

"பயந்த மாதிரியே இல்லையே."

"அரை விநாடில ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா. அதுக்கு மேல போனாத்தான் என்னன்னு தெரியும்." வெட்டிய வால் திரையில் தனியாக நின்றது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். "இதக் கேக்கறியா?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த நீளத்துக்குத் தான் கத்தினோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். கால் வலித்தது, அவ்வளவுதான்.

"வேணாம். அழிச்சிடு."

அழித்தார்.

"இத ஒண்ண வச்சுக்கிட்டு ஏத்தி எறக்கி பன்னண்டு பண்ணிடுவேன்," என்றார். "நீ இனிமே பெட்டி பக்கமே போகாத."

திரையில் தயாரிப்பாளர் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான் மேம் ரெட்டைச்சடை. அந்தப் பொண்ணோட சாம்பிள டெலீட் பண்ணிட்டேன்."

"கேக்காமயேவா?"

"கேக்காமதான் மேம்."

"கேட்டிருக்கலாம்," என்றாள் பாப்பா.

வீட்டு வாசல்வரை தாத்தா ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். மூன்று மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "கூப்பிட்டிருக்கலாமே," என்றார். "பரவால்ல, ஏறிட்டேன்," என்றாள். இன்னும் ஒரு மாடி இருந்தது.

மறுநாள் ஆறரைக்கு எழுந்தாள். கால் நீலமாக இருந்தது. அவளுடைய செருப்புக்குள் அது நுழையவில்லை. கதவோரம் அண்ணனின் செருப்பு இருந்தது. வலது காலை அதில் விட்டாள். வார் போட முடிந்தது. இடது காலில் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கால்களைப் பார்த்துவிட்டு, சுற்றிக் கட்டும் துணி அகலமாக வேண்டுமா குறுகலாக வேண்டுமா என்று கேட்டார். அகலம் என்றாள். பதினொரு மணிக்குத் தாத்தா பன்னிரண்டு கூச்சல்களையும் போனுக்கு அனுப்பினார். வரிசையாகக் கேட்டுவிட்டு, "சரி" என்று பதில் போட்டாள். சித்தி கூப்பிட்டாள். சாப்பிட்டதாகச் சொன்னாள். பிறகு சாப்பிட்டாள். நான்கு மணிக்குக் கட்டு தளர்ந்திருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள்.